துரை படகின் பம்பு

11 நவம்பர் 1951, ஞாயிறு

இன்றும் சி ரூசா கடலில், துரையின் பாய்மரப் படகில். ஆயா என்று பெயர், எனக்கு அங்கே வேலை இரண்டு. பிள்ளைகள் கடலில் விழாமல் பார்த்துக்கொள்வது ஒன்று. துரைசானி நீந்திவிட்டு வந்து உள்ளே நல்ல தண்ணீரில் குளித்ததும், அந்த அழுக்குத் தண்ணீரைக் கைப்பம்பு அடித்து வெளியே தள்ளுவது இன்னொன்று. படகின் அடித்தரை கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது, தண்ணீர் தானாக ஓடாதாம். கடல் நடுவில் உட்கார்ந்துகொண்டு தண்ணீரை எங்கே விடுவது என்று ஒரு கவலை! பெரிய வீட்டுக் கஷ்டம்.

இன்றைக்கு எவ்வளவு அடித்தும் தண்ணீர் நகரவில்லை. பிடி கனமில்லாமல் லொடலொட என்று ஆடியது. துரைசானி கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு "ஆயா! ஆயா!" என்று கத்துகிறார், ஏதோ படகே மூழ்குகிற மாதிரி. சல்லடைக்குள் கையை விட்டேன். முடியும் சோப்பும் ஒரு பந்தாக வந்தது. சரி, தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை. துரை வந்து திருகாணிகளைக் கழற்றினார். உள்ளே வட்டமாக ஒரு ரப்பர்த் தகடு. பிடி ஏறி இறங்கும்போது அதுதான் உப்பி, ஒட்டி, தண்ணீரை இழுக்கிறது. அது ஓரத்தில் கிழிந்து கிடந்தது. இவ்வளவு நேரம் பம்பு காற்றைத்தான் குடித்திருக்கிறது. துரை ஆங்கிலத்தில் வைதார். பிறகு தண்ணீரைக் குவளையால் மொண்டு ஊற்றினோம். அதாவது நான் மொண்டேன், அவர்கள் பார்த்தார்கள்.

ஆறு மணிக்கு கேட் மூடுவதற்குள் ரப்பர்த் தோட்டத்து லயத்துக்கு வந்து சேர்ந்தேன். பெண்கள் குளிக்கும் கொட்டகையில் எனக்கும் கணுக்கால் தண்ணீர். நான் யாரைக் கூப்பிட்டுக் கத்துவது?

13 நவம்பர்

ஆபீசுக் கணக்கெழுதும் கிராணி இராஜமாணிக்கம் கொட்டகைத் தகரத்தில் ஒரு நோட்டீசு ஒட்டினார். டிசம்பர் முதல் தேதி கொட்டகையைப் பிரித்துவிடுவார்களாம். தண்ணீர் தேங்குகிறது, கொசு, காய்ச்சல். ஏன் தேங்குகிறது? மூன்று டிவிஷன் ஆட்களையும் ஒரே இடத்தில் அடைத்துக் கம்பிவேலி போட்டார்கள். ஆறு வேலிக்கு வெளியே போயிற்று. கொட்டகைத் தண்ணீர் ஓடிய சாக்கடையையும், காட்டுக்காரன், அந்தக் கம்யூனிஸ்டு, அது வழியாக நுழைந்துவிடுவான் என்று போலீசு மூடியது. மூடியது அவர்கள், நாற்றம் எங்களுடையது!

இனிமேல் பெண்கள் கேட் பக்கத்துக் குழாயில் குளிக்க வேண்டுமாம். காவல் கூண்டுக்கு நேர் கீழே. மறைவு ஒரு கீற்று கிடையாது.

"மேல நாலு பேரு துப்பாக்கியோட, கீழ நாம பாவாடையோட. ரொம்ப அழகா இருக்கும் லா," என்றாள் பக்கத்து வீட்டு ராக்கம்மா. ரப்பர்ப் பால் வெட்டுகிறவள். வாயும் அதே கத்திதான்.

"கட்டிக்கிட்டுத்தானே குளிக்கிறீங்க, அதுல என்னா?" என்றார் கிராணி.

"அப்ப நீங்க மொதல்ல குளிச்சுக் காட்டுங்க கிராணியய்யா, பாத்துக் கத்துக்கிறோம்," என்றேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

நான் அந்தக் குழாயடியில் குளிக்க மாட்டேன். எவளையும் குளிக்க விடவும் மாட்டேன்.

18 நவம்பர், ஞாயிறு

சிங்கப்பூரிலிருந்து புதுப் பம்பு வந்துவிட்டது. துரை மாட்டினார், நான் கைவிளக்கைப் பிடித்தேன். கண்ணையும் அங்கேயே வைத்திருந்தேன். சல்லடை, குழாய், ஒரே பக்கம் திறக்கிற ஒரு தோல் மூடி, நடுவில் தகடு, இன்னொரு மூடி, வெளிக்குழாய். அவ்வளவுதான் சங்கதி.

பழையதைக் காலால் தள்ளி, "தூக்கிக் கடல்ல போடு," என்றார். தோட்டத்துத் தமிழ் அவருக்கு நன்றாக வரும்.

"எனக்குக் குடுங்க துரை."

"ஒனக்கு என்னாத்துக்கு? லயத்துல பாய்மரப் போட்டு இருக்கா?"

"போட்டு இல்ல துரை. தண்ணி இருக்கு."

சிரித்தார். எடுத்துக்கொள் என்று கை காட்டினார்.

கேட்டில் மலாய்க்கார ஸ்பெஷல் கான்ஸ்டபிள் சாக்கைத் தொட்டு என்ன என்று கேட்டான். பம்பு என்றேன். "போம்?" என்று, அவர்கள் பாஷையில் வெடிகுண்டு, இரண்டடி பின்னால் குதித்தான். துப்பாக்கியைத் தூக்கிவிட்டான். "ஐயோ, குண்டு இல்லடா சாமி! பாம் ஆயர், பாம் ஆயர்!" என்று தண்ணீர்ப் பம்பை மலாயில் சொல்லி, இறைக்கிற மாதிரி ஆடிக் காட்டினேன். பின்னால் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் சாக்கை அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.

19 நவம்பர்

கொட்டகை மூலையில் குழி தோண்டித் தண்ணீர் வந்து விழும்படி செய்தோம். ஸ்டோரில் கழித்துப் போட்ட குழாயை வேலிக்கு மேலே ஏற்றி, வெளிப்பள்ளத்தில் விட்டாயிற்று. வேலிக்கு அடியில்தானே போகக் கூடாது? மேலே போகக் கூடாதென்று எவனும் சொல்லவில்லை.

தகட்டுக்கு ரப்பர் வேண்டும். ராக்கம்மா ஸ்டோரிலிருந்து காய்ந்த ரப்பர் ஷீட் ஒன்றை மடியில் மறைத்துக் கொண்டுவந்தாள். "நாம வெட்டுன பாலு. நமக்கு ஒரு துண்டு இல்லியா?" வட்டமாக வெட்டி வைத்து அடித்தேன். தண்ணீர் ஏறியது! வேலிக்கு அந்தப் பக்கம் கொட்டியது! ராக்கம்மா என்னைக் கட்டிக்கொண்டாள்.

20 நவம்பர்

போச்சு. தகடு பழைய ரவிக்கைக் கை மாதிரி தொளதொளத்து, பிசுபிசு என்று ஒட்டிக் கிடக்கிறது. இழுத்தால் வருகிறது, திரும்பிப் போக மாட்டேன் என்கிறது.

என் வீட்டுக்காரர் ஜோசப்ராஜ் தோட்டத்து லோரி ஓட்டுகிறவர். அவர் சொன்னார், கந்தகம் போட்டுச் சுட்டுப் பக்குவம் பண்ணினால்தான் ரப்பர் இழுத்தது திரும்புமாம். அதெல்லாம் கப்பல் ஏறிப் போன பிறகு நடக்கிறதாம். விடிந்தால் ரப்பர், பொழுது போனால் ரப்பர், உடுத்தின துணி வரைக்கும் ரப்பர் நாற்றம். எங்கள் கையில் இருப்பது இன்னும் ரப்பரே ஆகவில்லை என்று எங்களில் ஒருத்திக்கும் தெரியாது!

"நேத்தே சொல்றதுக்கு என்னா?" என்றேன். "நீ கேட்டியா?" என்றார். கேட்கவில்லைதான்.

22 நவம்பர்

வெட்டின ஷீட்டின் மிச்சத்தைக் கிராணி கண்டுபிடித்துவிட்டார். ஆபீசில் நிற்க வைத்தார்.

"எவ எடுத்தா?"

"நான்தான்."

"நீ ஸ்டோர் பக்கமே போறதில்ல. ராக்கம்மாதானே?"

"நான்தான்னு சொல்றேன்ல? காது கேக்கலியா?"

விஷயம் துரையிடம் போயிற்று. பங்களா வேலை போயிற்று. நாளையிலிருந்து விடியுமுன் பெரட்டில் நின்று பேர் கொடுத்துவிட்டுப் பால் வெட்டப் போக வேண்டும். என் வீட்டுக்காரர் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். "ஊருக்கெல்லாம் குளிக்க வழி பண்ணப் போறியா? ஒனக்கு எதுக்கு இந்த வம்பு?" — எதுக்கா? நான் அங்க நின்னு குளிக்கணுமே! மேலேயிருந்து எவனெவனோ பாக்க நான் குளிக்கணும், நீங்க லோரியில அந்தப் பக்கமாவே போவீங்க, தலையைக் குனிஞ்சுக்கிட்டு! அதைச் சொல்லிக் கத்தினேன். அழுகை வந்தது. ஆத்திரத்தில் வருகிற அழுகை, வேறு எதுவும் இல்லை.

25 நவம்பர், ஞாயிறு

பெடாஸ் ஊருக்குப் பூசைக்குப் போகவில்லை. ஆண்டவர் மன்னிப்பார், அவருக்குக் காரணம் தெரியும்.

பகலில் இவர் வந்து என் காலடியில் ஒன்றைப் போட்டார். லோரிச் சக்கரத்தின் பழைய உள்டியூப். திரும்பிப் பார்க்காமல் வெளியே போனார். போனால் போகட்டும், டியூப் வந்ததே!

வெட்டி மாட்டினேன். அடித்தேன். பிடி கல்லு மாதிரி கனத்தது, அப்புறம் வேலிக்கு வெளியே பள்ளத்தில் கிடந்த சேறெல்லாம் குழாய் வழியாகத் திரும்பி உள்ளே கொட்டியது! என் முகத்தில், ராக்கம்மா தலையில். "வெளிய போகச் சொன்னா வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றியேடி!" என்று அவள் கத்த, நான் சேற்றோடு உட்கார்ந்து சிரித்தேன். இரண்டு தோல் மூடிகளையும் தலைகீழாக மாட்டியிருக்கிறேன். வெளியே திறக்க வேண்டியது உள்ளே திறந்திருக்கிறது. கழற்றித் திருப்பிப் போட்டேன்.

போகிறது.

28 நவம்பர்

தரை காய்ந்திருக்கிறது. நோட்டீசு மட்டும் அப்படியே இருக்கிறது. கிராணியிடம் தண்ணீர் இல்லாததைக் காட்டினேன். "உத்தரவு உத்தரவுதான்," என்கிறார். பார்க்கலாம்.

1 டிசம்பர், சனி

வெட்டின பாலை நிறுவையில் போட்டுவிட்டு எல்லோரும் நேராகக் கொட்டகைக்கு வந்தோம். இடம் கொண்ட மட்டும் உள்ளே போய்க் குளிக்க ஆரம்பித்தோம். மற்றவர்கள் வாசலை மறைத்து நின்றார்கள். இப்படிச் செய்வதென்று காலையிலேயே மர நிரையில் பேசி வைத்தது. நான் பம்புப் பிடியில்.

துரை, கிராணி, கடப்பாரையோடு ஆட்கள் வந்தது தகர இடுக்கில் தெரிந்தது. துரை வேலிக்கு மேலே கொட்டுகிற தண்ணீரைச் சற்று நேரம் பார்த்தார்.

"அது என் பம்பு," என்றார்.

"நீங்க குடுத்ததுதான் துரை," என்றேன் தகரத்துக்கு இந்தப் பக்கமிருந்து.

"திருப்பிக் குடு."

எங்கிருந்து வந்ததோ தெரியாது, வாயில் வந்துவிட்டது. "உள்ள வந்து எடுத்துக்குங்க துரை."

உள்ளே ஒருத்தி களுக்கென்று சிரித்தாள், அப்புறம் எல்லோரும். ராக்கம்மா ஒரு வாளித் தண்ணீரைத் தகரத்துக்கு மேலே வீசினாள். அது யார் மேல் விழுந்தது என்று நான் பார்க்கவில்லை, ஆனால் கிராணியின் குரல் கேட்டது.

துரை, "தண்ணி தேங்கினா ஒடைப்பேன்," என்றார். அவ்வளவுதான். ஷூ சத்தம் தூரம் போயிற்று. கடப்பாரை ஆட்களும் போனார்கள், சந்தோஷமாகவே.

இரவுச் சோற்றுக்கு இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அப்படியா சொன்ன? துரைகிட்டயா?" என்று கேட்டார். மறுபடியும் சொல்லச் சொன்னார்.

8 ஜனவரி 1952

பால் வெட்டி வெட்டிக் கை காய்த்துவிட்டது. பங்களாச் சாப்பாடு இல்லை, ஞாயிற்றுக்கிழமைக் கடல் இல்லை. இருக்கட்டும்.

கொட்டகையில் ஒரு சட்டம் வைத்திருக்கிறோம். உனக்கு முன்னால் குளிக்கிறவளுக்கு நீ பம்பு அடிக்க வேண்டும், பிறகு உன் முறை. இன்றைக்கு என் பின்னால் வந்து நின்றவர் கிராணியின் மனைவி வள்ளியம்மா, கையில் வாளியும் துண்டும். அவர்கள் வீட்டுத் தண்ணீரும் போலீசு மூடிய அதே சாக்கடையில்தான் விழுந்ததாம், மாதக் கணக்காகப் பின்கட்டில் கால் வைக்க முடியவில்லையாம். ராக்கம்மாதான் சட்டத்தைச் சொன்னாள், மரியாதையாகவே.

வள்ளியம்மா வாளியைக் கீழே வைத்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பிடியைப் பிடித்தார்.

"ரொம்ப வேகமா வேணாங்கம்மா, தகடு கிழிஞ்சிடும்," என்றேன்.

அவர் மெதுவாக அடித்தார். நான் அவசரப்படவில்லை. இன்றைக்குத் தலைக்கும் ஊற்றிக்கொண்டேன்.