எண்ணாமல் விட்ட ஆள்

14.6.2004 திங்கள், பகல் 2 மணி

மழை. ஜெர்மனிக்குள் வந்தாயிற்று, ரோசன்ஹைம் தாண்டி ஓர் ஓய்விடம். டிரைவர் யூர்கன் சட்டப்படி முக்கால் மணி நேரம் பஸ்ஸை நிறுத்தத்தான் வேண்டுமாம். எல்லோரும் கோப்பி குடிக்க இறங்கிவிட்டார்கள். நான் இறங்கவில்லை. சீற்றிலேயே இருந்து எழுதுகிறேன்.

சற்று முன் பொலிஸ் ஏறியது. ஓர் ஆண், ஒரு பெண். யூர்கனிடம் பட்டியலை வாங்கினார்கள். ஒவ்வொரு பாஸ்போர்ட்டாகப் பார்த்தார்கள். பட்டியலில் நாற்பத்தாறு பெயர். பஸ்ஸில் இருக்க வேண்டியது நாற்பத்தேழு பேர். கூடுதல் ஆள் ஜெசிந்தா. மன்னார்ப் பிள்ளை, வயது இருபத்தேழு. பாஸ்போர்ட் இல்லை. டுல்டுங் என்ற கடுதாசி மட்டும், குறுக்கே சிவப்புக் கோடு போட்டது. ‘இன்னும் திருப்பி அனுப்பவில்லை’ என்பதற்கு மேல் அதற்கு ஒரு பொருளும் இல்லை. அதை வைத்துக்கொண்டு எங்கள் மாநில எல்லையையே தாண்டக்கூடாது. நான் அவளை இத்தாலிக்குக் கூட்டிப் போயிருக்கிறேன்.

பொலிஸ்காரி கடைசி சீற்வரை போய்த் திரும்பி வந்து சிரித்தாள். நாற்பத்தாறு, எல்லாம் சரி, நல்ல பயணம் என்றாள்.

சரி என்றால் எப்படிச் சரி?

அவர்கள் இறங்கியதும் முன்னிருந்து பின்னுக்கு நடந்தேன். ஒவ்வொரு முகமாக. கக்கூசையும் தட்டிப் பார்த்தேன். ஜெ. இல்லை. இத்தாலியில், பதுவையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

அதே நாள், 3.30. பஸ் ஓடுகிறது

நடந்தது எப்படி என்று ஒழுங்காக எழுதிவைக்கிறேன். பிறகு யாராவது கேட்பார்கள்.

நான் ஆட்களை எண்ணுவதில்லை. ஒன்று, இரண்டு என்று மனிதரை எண்ணினால் ஒன்று குறையும் என்று எங்கள் பக்கத்தில் பயம். என்னைப் பெத்த ஐயா வள்ளத்தில் போகிறவர்களை ஒருநாளும் எண்ணமாட்டார். ஆட்டையும் மாட்டையும்தான் எண்ணுவார். பதினாறு வருசமாக இந்த அந்தோனியார் கோயில் பயணத்துக்கு நான்தான் வழிகாட்டி. பஸ் வெளிக்கிட முன்னம் வீடு வீடாகக் கூப்பிடுவேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் பதில் சொல்லுவார். ஒருநாளும் பிழை வரவில்லை.

இன்று காலை ஆறரைப் பூசை. எட்டு மணிக்குப் பெரிய சதுக்கத்தில் பஸ். கூப்பிட்டேன்.

“பிலோமினா வீடு?”

“முழுசா இருக்கிறம் அண்ணை, எடுங்கோ.”

ஜெ.யைப் பிலோமினா அக்காவின் வீட்டோடுதான் சேர்த்திருந்தேன். பெறாமகள், தங்கச்சியின் பிள்ளை என்று சொல்லச் சொல்லி. நேற்றுக் கோயிலில் சிலர் கேட்டபோதும் அக்கா அப்படித்தான் சொன்னாளாம். ஆனால் ஜெ.க்குப் பின்சீற்றில் தலைசுற்றிச் சத்தி வருகிறது என்று பி. அக்கா அவளைச் சனிக்கிழமையே முன்னுக்கு, டுசல்டோர்ஃப் குடும்பத்துப் பக்கத்தில் இருத்திவிட்டாள். இனி அவர்கள் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டாள். அவர்களிடம் சொல்லவில்லை. டுசல்டோர்ஃப் வீடும் முழுசாகத்தான் இருந்தது. எல்லா வீடும் முழுசு. ஜெ. ஒரு வீட்டிலும் இல்லை.

இப்போது பி. அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன். வாயில் இருந்த பிஸ்கட்டை விழுங்க முடியாமல் நின்றாள். பிறகு சொன்னாள்:

“நான் என்ன பொய்யே சொன்னனான்? எங்கட வீடு முழுசாத்தானே இருக்கு.”

யூர்கனிடம் சொல்ல முடியாது. அவனுக்கு அப்படி ஒரு ஆள் ஏறியதே தெரியாது. சொன்னால் அவன் வேலை போகும். திருப்பவும் மாட்டான்.

வியாழன் காலை எட்டரைக்கு ஜெ.க்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின். கடுதாசி புதுப்பிக்கிற நாள். போகாவிட்டால் தலைமறைவு என்று எழுதிவிடுவார்கள். நாட்டில் இப்போது சமாதானம்தானே என்று சொல்லி ஆட்களைக் கொழும்புக்கு ஏற்றுகிற காலம். வியாழனுக்கு இடையில் இரண்டே நாள்.

கூட்டிப் போக ஓம் என்று சொன்னது நான். அவள் தம்பியைப் பிடித்துக்கொண்டு போய் எட்டு வருசம். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற அந்தோனியாரின் கல்லறையில் ஒரு முறை கை வைத்துக் கேட்க வேண்டும் என்றாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

15.6 செவ்வாய், டோர்ட்மண்ட். வெயில்

நேற்று வீட்டுக்கு வந்தபோது மனுசி திரேசம்மா கதவிலேயே நின்றாள்.

“ஒரு பிள்ளை நாலு தரம் போன் எடுத்து அழுதிட்டுது. நீங்கள் ஆளை எண்ணிறேல்லையோ?”

திரேசம்மாவுக்கு நாற்பத்தாறு வருசமாகத் தெரியும் நான் எண்ணுவதில்லை என்று. இருந்தும் கேட்டாள்.

என் பஸ்ஸில் ஏறுகிற எல்லோரையும் என் வீட்டு நம்பரைப் பாடமாக்க வைப்பேன். மூன்று தரம் சொல்லிக் காட்டினால்தான் சீற். கடுதாசி நனையும், தொலையும். சிரிப்பார்கள். அந்த நம்பர் இருந்தபடியால்தான் பிள்ளைக்கு எடுக்க முடிந்தது. அவளுடைய கைத்தொலைபேசி இத்தாலியில் வேலை செய்யாது. கல்லறையில் கை வைக்கத் திரும்பவும் வரிசையில் நின்றிருக்கிறாள், முதல்நாள் சனத்தில் கை எட்டவில்லையாம். வெளியே வர பஸ் இல்லை.

இரவு ஸ்டேசன் வாங்குப் பலகையில் இருந்தாளாம்.

காலை எட்டுக்கு எடுத்தாள். கோயில் முன் தொலைபேசிக் கூண்டு.

“அப்பு, போன் காட்டிலை காசு கொஞ்சந்தான் கிடக்கு.”

“அழாதை. நான் சொல்லுறதைத் திருப்பிச் சொல்லு. கோயில் வாசலுக்கு முதுகைக் காட்டி நில். முன்னாலை என்ன தெரியுது?”

“குதிரைக்காரன் சிலை.”

“அவன் பார்க்கிற பக்கம் போகாதை. வால் பக்கம். மூண்டாவது தெரு. உள்ளுக்கை தூண் வரிசை, மேலை கூரை. வலக்கைப் பக்கமாத் தூணுகளை எண்ணிக்கொண்டு போ. பாண் சுடுற வாசம் வரும். அதைத் தாண்டி, இருபத்துமூண்டாவது தூணிலை ஒரு இரும்பு வளையம். குதிரை கட்டினது. வளையத்துக்கு நேரை எதிர்ப்பக்கம் மண்ணிறக் கதவு. மணிக் கயிறு. இழு. லில்லி சிஸ்டர் எண்டு கேள்.”

திருப்பிச் சொன்னாள். வால், மூன்று, இருபத்துமூன்று, வளையம், கயிறு. காட் முடிந்து அறுந்தது.

லில்லி சிஸ்டர் கேரளம். மடத்துச் சமையல். அந்த மடத்துக் குசினியில் 1988-இல் எனக்குச் சோறு கிடைத்தது. அகதி முகாமிலிருந்து ஒரு பங்குச் சுவாமி எங்களைப் பதுவை பார்க்கக் கூட்டிப் போனார். குடை பிடித்த ஒரு இத்தாலிக்காரி வழிகாட்டினாள். பக்கத்தில் நின்றவன் அரைகுறையாகத் தமிழில் சொன்னான். அன்று கேட்டது ஒரு சொல்லும் மறக்கவில்லை. எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. தமிழ் எழுத்தே முகாமில் நாள்காட்டித் தாளைப் பார்த்துக் கூட்டிப் பழகினது. வெளிநாட்டு எழுத்து ஒன்றும் தெரியாது. அதனால் தெருப் பெயர் வேண்டியதில்லை. தூண், படி, மணம், மணியோசை, இவற்றை வைத்துத்தான் நடத்துவேன்.

ஆனால் நான் மடத்துக்குப் போய் ஆறு வருசம். சிஸ்டர் அங்கேதான் இருக்கிறாரா? கதவு இருக்கிறதா?

ஒன்பது. ஒன்பதரை. மனுசி தேத்தண்ணியை மூன்று தரம் சூடாக்கினாள். பத்துக்குப் போன் அடித்தது. ஜெ. யாரிடமோ கெஞ்சி அவருடைய போனில்.

“அப்பு, பாண் வாசம் இல்லை. பாண் கடையே இல்லை. டெலிபோன் விக்கிற கடை. நான் பிழையான தெருவோ?”

நான் கேட்டேன், கடை வாசலில் படி எத்தனை. மூன்று, நடுப்படி உடைந்தது என்றாள்.

“அதுதான். பாண்காரன் போயிட்டான், படி போகேல்லை. தூணை எண்ணு.”

பதினொன்றே காலுக்கு ஒரு வயதான பெண் குரல். “அப்பச்சா, மோள் இவிடெ உண்டு. பேடிக்கண்டா.”

பிள்ளை அங்கே இருக்கிறாள், பயப்பட வேண்டாம். அவ்வளவு விளங்கும். நான் நிலத்தில் இருந்துவிட்டேன்.

அதே நாள், பின்னேரம்

ரயில் வேண்டாம். எல்லையில் பொலிஸ் ஏறும். பஸ்ஸில் இன்னொரு தரம் அதிர்ஷ்டம் வராது. ஒரே ஒரு வழி தெரிகிறது. அந்த வழிக்கு என் மூக்கை அறுத்துக் கொடுக்க வேண்டும்.

செந்தில் என்று ஒரு தம்பி. மதுரை, பிராங்பேர்ட்டில் கம்ப்யூட்டர் வேலை. தன் பெண்சாதியையும் கூட வேலை செய்கிறவர்களையும் ஒரு வான் வண்டியில் கூட்டிக்கொண்டு வெனிஸ், பதுவை காட்டுகிறார். புதன்வரை நிற்பதாகப் பேசிக்கொண்டார்கள். சனிக்கிழமை வெனிஸ் சதுக்கத்தில் நான் மணிக்கோபுரத்தைக் காட்டி ஆயிரம் வருசமாக அசையாமல் நிற்கிறது என்றேன். அவர் பக்கத்தில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

“ஐயா, சாரி. அது 1902-ல மொத்தமா விழுந்து, புதுசா கட்டினது. என் பிரிண்ட்-அவுட்ல இருக்கு.”

என் ஆட்கள் சிரித்தார்கள். நான் விட்டேனா?

“தம்பிக்குப் பேப்பர் சொல்லுது. காத்து அடிச்சுப் பேப்பர் தண்ணிக்கை போனா, தம்பி இவையளை எங்கை கொண்டுபோய் விடுவார்?”

அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. அவர் முகம் சிவந்துபோனது.

பிறகு படகுக்காரனுக்குத் தன் நம்பரை உரத்துச் சொன்னார். ஒருமுறைதான். காதில் விழுந்தது, இருக்கிறது. இன்று மனுசியிடம் சொல்லச் சொல்ல அவள் அழுத்தினாள்.

பொய் சொல்லவில்லை. சிவப்புக் கோடு, வியாழன், மடத்துக்குப் போகிற தூண் கணக்கு, எல்லாம் சொன்னேன்.

“ஐயா, நான் விசாவுல இருக்கேன். மாட்டினா என் வேலை, என் பேமிலி, எல்லாம் குளோஸ். புரியுதா? வெரி சாரி.”

“புரியுது தம்பி.”

“கோபுரம் விஷயத்துக்காக இல்ல ஐயா.”

“எனக்குத் தெரியும்.”

வைத்துவிட்டார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. கோபுரமும் விழுந்ததுதானாம், பேரனைக் கேட்டேன்.

16.6 புதன். மூட்டம்

நித்திரை இல்லை. பி. அக்கா மீன்குழம்பு கொண்டு வந்தாள். ஒருவரும் கேட்காமலே சொன்னாள், “பொலிஸ் கேட்டா எனக்கு அந்தப் பிள்ளையைத் தெரியாது.” குழம்பு அப்படியே இருக்கிறது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜெ.யின் பையைத் தந்தாள். பஸ்ஸில் கிடந்ததாம். உள்ளே தம்பியின் படம், கண்ணாடி போட்டது.

காலை பத்து. போன். செந்தில்.

“ஐயா, காலைல அந்தக் கான்வென்டுக்குப் போனேன்.”

மனுசியைக் கை காட்டிக் கூப்பிட்டேன்.

“ஒய்ஃப் விடல. ஒரு பொண்ணு தனியா நிக்குது, நீங்க சர்ச் போட்டோ எடுத்துட்டு இருக்கீங்களான்னா. சரி, போய்ப் பாத்துட்டு வந்துடலாம்னு போனேன். அட்ரஸ் இல்ல. நீங்க சொன்ன மாதிரியே தூணை எண்ணினேன். இருபத்திமூணுல வளையம் இருக்கு ஐயா. என் பிரிண்ட்-அவுட்ல அது இல்ல.”

“இராது தம்பி.”

“வான்ல ஒரு சீட் இருக்கு. இப்ப கிளம்புறோம். அந்தப் பொண்ணு என் ஒய்ஃப் பக்கத்துல உக்காந்துருக்கு. நாளைக்குக் காலைல பிராங்பேர்ட்ல முதல் ரயில் ஏத்தி விட்டுடறேன். வழில போன் பண்ண மாட்டேன். நீங்களும் பண்ணாதீங்க.”

அதற்குப் பிறகு பகல் முழுக்க எந்த இடத்தில் இருப்பார்கள் என்று மனதில் ஓட்டினேன். வெரோனா. மலை. நீளப் பாலம். ரோசன்ஹைம். அந்த இடத்தில் மூன்று மணிக்கு நிறுத்திவிட்டேன். மேலே ஓடவில்லை மனம்.

மனுசி செபமாலை. நான் சன்னல்.

ஏழரைக்குப் போன் ஒருமுறை மட்டும் அடித்து நின்றது. எடுக்க முன் நின்றுவிட்டது. யார்? பிழையான நம்பரோ? திரும்ப எடுக்கக் கூடாது என்றல்லவா சொன்னார். எடுக்கவில்லை.

17.6 வியாழன். தூறல்

8.05 ஸ்டேசன். பிராங்பேர்ட்டிலிருந்து வரும் முதல் ரயில் ஏழு நிமிடம் பிந்தியது. ஆட்கள் இறங்கினார்கள். பெட்டி, குடை, சைக்கிள். கதவுகள் மூடத் தொடங்கிவிட்டன. கடைசிப் பெட்டியில் நீலச் சால்வை.

அவள் ஓடி வரவில்லை. நடந்துதான் வந்தாள். கால் வீங்கியிருந்தது.

“அப்பு, முழுசா வந்திட்டன்.”

பையைக் கொடுத்தேன். படத்தை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தாள். கல்லறையில் கை வைத்தாயா என்று கேட்டேன். வைத்தாளாம். ஆனால் பஸ்ஸை நினைத்துப் பயத்தில் என்ன கேட்டாள் என்று ஞாபகம் இல்லையாம்.

8.27 வெளிநாட்டவர் அலுவலகம். என்னை உள்ளே விடவில்லை, டெர்மின் உள்ளவர்கள் மட்டும். இத்தாலி டெலிபோன் காட், மடத்துப் படம், ஒன்றும் பையில் இல்லை என்று வாசலில் இரண்டு தரம் பார்த்தோம். லில்லி சிஸ்டர் கொடுத்த அந்தோனியார் படம் மட்டும் இருந்தது. பின்னால் இத்தாலி எழுத்து. அதை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

எதிர்ப்பக்க வாங்கில் இருந்து எழுதுகிறேன். தாள் நனைகிறது.

எழுபது வயதில் முதல் தடவையாக ஆட்களை எண்ணுகிறேன். அவளோடு சேர்த்து அந்தக் கதவால் உள்ளே போனவர்கள் பதினொரு பேர். அதன் பிறகு போனவர்களைத் தனியாக வைத்திருக்கிறேன், குழப்பமில்லை.

9.10 வெளியே வந்தது நாலு.

9.40 ஏழு. பக்கத்துத் தெருவில் பொலிஸ் வான் ஒன்று வந்து நிற்கிறது. யாருக்கென்று தெரியாது. டிரைவர் இறங்கவில்லை.

10.05 ஒன்பது. ஒரு கறுப்பு இளைஞன், அழுதுகொண்டு.

10.20 பத்து.

10.25 பத்துத்தான்.

10.40 வான் போய்விட்டது. உள்ளே யாரையும் ஏற்றவில்லை. நன்றாகப் பார்த்தேன்.

10.50 பதினொன்று. நீலச் சால்வை. கையில் சிவப்புக் கோடு போட்ட புதுக் கடுதாசி.