வியாழனும் வெள்ளியும்

யோங் பெங்,
10 ஜூலை 2025, வியாழன்

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் மகள் பிரவீனாவும் நன்றாக இருக்க வேண்டும். நான் நன்றாக இல்லை, கோபமாக இருக்கிறேன்.

பள்ளி வாரியத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கினீர்கள். சரி, வாரியத் தலைவருக்கு அந்த உரிமை உண்டு. அதோடு விட்டீர்களா? கூடப்பிறந்தவளின் எண்ணையும் முடக்கிவிட்டீர்கள். தபால்காரரை முடக்க உங்களால் முடியாது, அதனால் காகிதத்தில் எழுதுகிறேன்.

இன்று வியாழக்கிழமை. என் பாலர் வகுப்பு பூட்டிக் கிடக்கிறது, நான் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறேன். பணம் இல்லை என்று சொல்லி ஐந்து நாள் வகுப்பை மூன்று நாளாக வெட்டிவிட்டீர்கள். பிள்ளைகளின் தாய்மாரைக் கேட்டீர்களா? வகுப்பை நடத்துகிற என்னையாவது கேட்டீர்களா? ஜொகூர் பாருவில் குளிரூட்டிய அறையில் கூடி, தேநீர் குடித்து, வியாழனையும் வெள்ளியையும் அழித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டீர்கள்.

அந்தத் தாய்மாரில் ஒருத்தி சாந்தினி. அவள் கணவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார், வாரம் ஒருமுறைதான் வருவார். அவளோ பிள்ளையை வகுப்பில் விட்ட கையோடு தொழிற்சாலை பஸ் ஏற வேண்டும். "டீச்சர், மூனு நாளு பிள்ளைய நீங்க பாத்துக்குவீங்க, மத்த ரெண்டு நாளு யாரு பாப்பாங்க? மடியில வச்சுக்கிட்டு வேலை செய்யறேன்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லவா?" என்று கேட்டாள். அவள் மகளைப் பட்டணத்தில் வேறொரு பாலர் பள்ளியில் சேர்த்துவிட்டாள். அங்கே வாரம் முழுக்கக் கதவு திறந்திருக்கிறது.

அப்படிப் போகிற பிள்ளை நம் தமிழ்ப் பள்ளியின் முதலாம் ஆண்டுக்குத் திரும்பி வராது. இன்னும் சில வருடத்தில் மாணவர் இல்லை என்று சொல்லிப் பள்ளியையே மூடுவார்கள்.

மார்ச் மாதம் பள்ளிக்கு நன்கொடை என்று சொல்லி, அரசாங்கப் பட்டம் வாங்கிய அந்தப் பெரிய மனிதர் டத்தோ வந்தார். கதவளவு மாதிரிக் காசோலையின் ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சிரித்த படம் நாளிதழில் வந்தது. அந்தப் பணம் எங்கே அண்ணா? அதைக் கேட்டதற்குத்தானே என்னைக் குழுவிலிருந்து தூக்கினீர்கள்?

என் வியாழனையும் வெள்ளியையும் திருப்பிக் கொடுங்கள்.

அன்புத் தங்கை,
வாசுகி


ஜொகூர் பாரு,
17 ஜூலை 2025

அன்பு வாசு,

உன் கடிதம் கிடைத்தது. "இந்தக் காலத்துல தபால்ல சண்டை போடற ஒரே குடும்பம் நம்ம குடும்பம்தான்" என்று உன் அண்ணி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனில் பேசினால் சத்தம் போடுவாய், அதனால் நானும் எழுதுகிறேன்.

முப்பது பேர் இருக்கிற குழுவில், பெற்றோர் எல்லாம் பார்க்க, "டத்தோ கொடுத்தது காசோலையா, அட்டையா?" என்று கேட்கலாமா? அவர் காதுக்குப் போனால் என்ன ஆகும்? பெரிய மனிதர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார்கள், ஆனால் அவர்களுக்கு ஆயிரம் வேலை. நான் சும்மா இருக்கிறேன் என்று நினைக்காதே. இரண்டு முறை அவருடைய அலுவலகத்துக்குப் போய்க் காத்திருந்தேன். செயலாளர் பெண், "அங்கிள், அடுத்த மாசம் வாங்க" என்றாள். நான் யார் முன்னாலும் அப்படி உட்கார்ந்தவன் இல்லை. பள்ளிக்காகத்தான் உட்கார்ந்தேன்.

நல்ல செய்தியும் உண்டு. பிரவீனாவுக்கு நிச்சயம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை கெலாங் பாத்தாவில் பொறியாளர், அமைதியான பையன். கல்யாணத்துக்குத் தலைமை தாங்க டத்தோ ஒப்புக்கொண்டிருக்கிறார். சேலை எடுக்க நீ வராமல் அவள் கடைக்குள் காலெடுத்து வைக்க மாட்டாளாம்.

கொஞ்சம் பொறுமையாக இரு.

உன் அண்ணன்,
ஹேமநாதன்


யோங் பெங்,
4 செப்டம்பர் 2025, வியாழன்

அன்புள்ள அண்ணனுக்கு,

பிரவீனாவை நினைத்து மனம் நிறைந்தது. என் பங்குக்கு அவளுக்கு ஒரு சேலை எடுத்து வைத்துவிட்டேன், மயில் கழுத்து நிறம். அவளுக்கு நான் எழுதும் கடிதமாக இருந்தால் இங்கேயே நிறுத்தியிருப்பேன்.

பொறுமையாக இருக்கச் சொன்னீர்கள். சும்மா இருக்க முடியாமல் சுப்ஹான் பாயின் உணவகத்துக்குப் போனேன். வருடா வருடம் நாம் கேட்காமலே பாலர் வகுப்புக்குக் கொடுக்கிறவர் அவர். இந்த வருடம் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்கத்தான் போனேன். டீ போட்டுக் கொடுத்தார், உட்காரச் சொன்னார். "டீச்சர், பேப்பர்ல படம் பாத்தோமே. டத்தோ அவ்வளவு பெரிசா குடுத்துருக்காங்க, இனிமே நம்ம சில்லறை எதுக்குன்னு வேற எடத்துக்குக் குடுத்துட்டேன் லா" என்றார்.

பட்டறைக்காரர் காளியப்பனும் அதையே சொன்னார். கோயில் தலைவரும் அதையே சொன்னார். அண்ணா, புரிகிறதா உங்களுக்கு? வராத பணத்தின் படத்தைப் போட்டு, வந்துகொண்டிருந்த பணத்தையும் நிறுத்திவிட்டீர்கள்! வகுப்பை வெட்டியது பஞ்சம் இல்லை, அந்தப் படம்தான்.

இதற்கு மருந்து ஒரே ஒரு வாக்கியம். "பணம் இன்னும் வரவில்லை" என்று வாரியத் தலைவர் வாய் திறந்து சொல்ல வேண்டும். அதைச் சொன்னாலே மற்றவர்கள் கொடுப்பார்கள். உங்களுக்கு ஏன் வாய் வரவில்லை? நீங்கள் யோசிக்கும் நேரத்தில் மேலும் மூன்று பிள்ளைகள் வகுப்பை விட்டுப் போய்விட்டார்கள். போகும்போது ஒரு குழந்தை எனக்கு டாட்டா காட்டியது, அது விடுமுறைக்குப் போகிறதாம்.

தீபாவளிக்குப் பிறகு பெற்றோர் கூட்டம் இருக்கிறது. அங்கே நீங்கள் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் நான் எழுந்து சொல்வேன்.

வாசுகி


ஜொகூர் பாரு,
6 அக்டோபர் 2025

வாசுகிக்கு,

எனக்கே கெடு வைக்கிறாயா? அப்பா போன பிறகு இந்தக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவன் நான். யாரும் எடுக்காத வாரியத் தலைவர் பதவியை எடுத்து, பள்ளிக்குக் கூரை மாற்றியவனும் நான். அதெல்லாம் உன் கண்ணுக்குத் தெரியவில்லை, ஒரு படம் மட்டும் தெரிகிறது.

கேட்டுக்கொள். என் லாரிகள் ஏற்றுவது டத்தோவின் தோட்டத்தில் எண்ணெய்க்காக வெட்டுகிற செம்பனைக் குலைகளை. அவர் முகத்தில் கரி பூசினால் அடுத்த நாளே லாரிகள் நின்றுவிடும். ஓட்டுநர்கள் வீட்டில் பிள்ளைகள் இல்லையா? பாலர் வகுப்பில் படிக்கிறவர்கள்தான் பிள்ளைகளா?

கல்யாணம் நவம்பர் 28, வெள்ளிக்கிழமை காலை. சனி ஞாயிறில் டத்தோவுக்கு வேறு நிகழ்ச்சிகள் இருப்பதால் வெள்ளியை முடிவு செய்தோம். உனக்கும் அது தோதுதான். வெள்ளிக்கிழமை உனக்கு வகுப்பு கிடையாதே, லீவு எடுக்கும் தொல்லை இல்லை.

கூட்டத்தில் வாயைத் திறந்தால் எனக்குத் தங்கை இல்லை என்று நினைத்துக்கொள்வேன். பிறகு வருத்தப்படாதே.

ஹேமநாதன்


யோங் பெங்,
20 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கூட்டத்தில் நான் பேச எழுந்ததும் நீங்கள் காருக்குப் போய்விட்டீர்கள். அதனால் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது, மற்றவர் திரித்துச் சொல்லிக் கேட்பதைவிட நானே சொல்கிறேன்.

டத்தோவைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. "பணம் இன்னும் வரவில்லை, வகுப்பு மூன்று நாள்தான் நடக்கிறது, பிள்ளைகள் போய்க்கொண்டிருக்கிறார்கள்" என்றேன். அவ்வளவுதான். பின்னால் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த சுப்ஹான் பாய்தான் முதலில் பேசினார். "அலமாக்! அப்ப இத்தன மாசமா நாம படத்தையா பாத்துக்கிட்டு இருந்தோம்? டீச்சர், வியாழன், வெள்ளி ரெண்டும் என் பொறுப்பு. மத்தத நீங்க எல்லாம் சேந்து பாத்துக்கங்க" என்றார். காளியப்பன் கை தூக்கினார். பிறகு தாய்மார்கள் எழுந்தார்கள். கூட்டம் முடிவதற்குள் ஐந்து நாளும் திரும்ப வந்துவிட்டது. அண்ணா, அந்த ஒரு வாக்கியத்தை நீங்கள் சொல்லியிருந்தால் அவ்வளவு பேரும் உங்களுக்குக் கை தட்டியிருப்பார்கள். அதை நினைத்தால்தான் இன்னும் ஆத்திரமாக வருகிறது.

உங்கள் லாரிகள் நிற்கவில்லை என்று கேள்விப்பட்டேன். டத்தோவுக்கு நம் பள்ளியின் பெயராவது ஞாபகம் இருக்கிறதோ என்னவோ.

நேற்று கல்யாணப் பத்திரிகை வந்தது. அழகாக அச்சடித்திருக்கிறீர்கள். மேலே டத்தோவின் பெயர், பட்டங்களோடு நான்கு வரி. கீழே பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாரும் இருக்கிறார்கள். அத்தை என்று யாரும் இல்லை. என் பெயரும் இல்லை, என் வீட்டுக்காரர் பெயரும் இல்லை. பிரவீனாவுக்கு இருக்கிற ஒரே அத்தை நான். அழுதேன் அண்ணா. அவர் வந்து பத்திரிகையைக் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

பெயர் இருந்திருந்தாலும் காலையில் நான் வந்திருக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து நாள் வகுப்பு வரும் திங்கள் முதல் தொடங்குகிறது. முதல் வெள்ளிக்கிழமை 28. எனக்குப் பதிலாக வகுப்பெடுக்க வேறு ஆசிரியை இல்லை. மகளைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி சாந்தினியைப் போய்க் கூப்பிட்டேன். "திங்க, செவ்வா எல்லாரும்தான் தொறப்பாங்க டீச்சர். வெள்ளிக்கெழம கதவு தொறந்திருந்தா பிள்ளையக் கூட்டிக்கிட்டு வரேன்" என்றாள். ஏமாந்தவள் அப்படித்தான் பேசுவாள்.

சேலை இதோடு வருகிறது. பிரவீனாவிடம் அத்தை கொடுத்தது என்று சொல்லுங்கள், அதை மட்டும் மறைக்காதீர்கள். முகூர்த்த நேரத்தில் அவளை நினைத்துக்கொள்வேன். ஆனால் அன்று காலை ஏழரைக்கு நான் பள்ளி வாசலில் நிற்பேன், சாந்தினி வருகிறாளா என்று பார்த்துக்கொண்டு.

பத்திரிகையில் பெயர் இல்லாத உங்கள் தங்கை,
வாசுகி