காரியின் பால்

மார்ச் 4, 1907. திங்கள்.

காலையிலிருந்தே புழுக்கம். மூன்று மாதக் கறவைக் குறிப்பு முடிந்தது. சிராங்கூன் சாலைத் தொழுவம், பதினொரு மாடு. ஒவ்வொன்றின் பாலையும் இரு வேளையும் நானே தராசில் நிறுத்து எழுதியது.

முதலிடம் மயிலை. ஒன்பதாவது ஈற்று, இன்னும் நாளுக்கு 14 இறாத்தல். இந்த வயதில் இவ்வளவு என்றால் அது வம்சத்தில் இருக்கிறது. அதன் காளைக்கன்றைப் பொலிகாளைக்கு நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

கடைசி காரி. இரண்டாம் ஈற்று, வெறும் 6. கழிக்க வேண்டியதுதான்.

முதலாளி பிள்ளையவர்களுக்கு மனமில்லை. "பாக்க நல்லா இருக்கே தம்பி?" பார்த்து மாடு வளர்த்த காலம் போயிற்று என்றேன். சென்னையில் மூன்று வருடம் மாட்டு வைத்தியம் படித்தவன், இதைக்கூடச் சொல்லாவிட்டால் எதற்குச் சம்பளம்?

மார்ச் 5.

தரகர் காதர் பாய் வந்தார். காரியின் மடியைத் தடவிப் பார்த்தார்.

"டாக்டர் தம்பி, வாங்குற நானே சொல்றேன். இந்தப் பால் நரம்பைப் பாருங்க. இதையா வெட்டுக்கு அனுப்புறீங்க?"

நோட்டைக் காட்டினேன்.

"நோட்டு கன்னு போடுமா? சரி லா, உங்க மாடு."

கறவைக்காரர் முத்தையா அண்ணன்தான் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தார். முகம் வேறு பக்கம். வயதான மனிதர், இளகிய மனசு என்று நினைத்துக்கொண்டேன். காரியின் நாலு மாதக் கிடேரிக்கன்று மட்டும் இங்கே. பிள்ளை வழக்கம்போல் வீட்டில் வெட்டு என்று சொல்லாமல் "காரி ஜொகூர் தோட்டத்துக்குப் போயிருக்கு" என்றாராம்.

வாங்க: சோப்பு, லாந்தர்க் கண்ணாடி.

மார்ச் 6.

மழை. காலையில் வெட்டுக் கொட்டகை. நான் கழித்த மாட்டின் நுரையீரலில் நோய் உண்டா என்று பார்க்காமல் விடுவதில்லை. சுத்தம். ஒரு புள்ளி இல்லை.

மடியில் கத்தி பட்டது. பால் பீறிட்டது. வாளியில் பிடித்து நிறுத்தேன். 9 இறாத்தல், ஒரு வேளைக்கு. தரையில் ரத்தத்தோடு போனது தனி. என் நோட்டில் ஒரு வேளைக்கு 3.

மாலை. யோசிக்க அதிகம் இல்லை. கறக்கும்போது பிறர் கண் படக்கூடாதென்று மாட்டைச் சுற்றிச் சாக்குத் திரை. தராசு திரைக்கு வெளியே. நானும் வெளியே. மயிலையும் காரியும் பக்கத்துப் பக்கத்துக் கட்டுத்தறி.

முத்தையா அண்ணனைக் கேட்டேன். மறைக்கவில்லை.

"ஆமா தம்பி. காரி பாலத்தான் மயிலை வாளியில ஊத்துனேன்."

"ஏன்?"

"உங்க நோட்டுல கடைசியா வர்றது வெட்டுக்குப் போகுது. மயிலையும் நானும் ஒரே கப்பல்ல வந்தோம். விடுவேனா?"

"என் குறிப்பு முழுக்கப் பொய்யா?"

"நீங்க திரைக்குள்ள ஒரு நாள் எட்டிப் பாத்திருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்?"

போன மாதம் எனக்குக் காய்ச்சல், அதோடுதான் நிறுத்தேன். கஞ்சி வைத்துக் கொடுத்தது இந்தக் கைதான். அந்த வாரமும் ஊற்றியிருக்கிறது.



மார்ச் 7.

வானம் மூடியிருக்கிறது. திரையைக் கிழித்து எறிந்தேன். மயிலையை என் கண்முன் கறக்கச் சொன்னேன். 2 இறாத்தல். எழுதினேன்.

முத்தையா காலைப் பிடிக்க வந்தார். "முதலாளிட்ட சொல்லாதீங்க தம்பி. சொன்னா இன்னைக்கே இதுவும் போயிடும்." அண்ணன் என்று இனி வாய் வராது.

பிள்ளை வந்தார், வாயெல்லாம் பல். மயிலையின் கன்றைப் பொலிகாளையாக்க இன்னும் இரண்டு தொழுவத்துக்காரர்கள் கேட்கிறார்களாம். சொல்லிவிட்டேன். எல்லாம். காளைக்கன்றுக்கு ஒரு தகுதியும் இல்லை, காயடித்து வண்டிக்கு விடுங்கள் என்றேன்.

பிள்ளை நோட்டை வாங்கிப் புரட்டினார். பிறகு:

"எழுதுனது யாரு?"

"நான்."

"அப்ப கழிக்க வேண்டியது எது?"

மயிலை. சந்தேகமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். காரியின் கிடேரி மயிலையின் மடியில் முட்டிக்கொண்டிருந்தது. வேறெந்த மாடும் அதைக் கிட்டே விடவில்லை. காரியின் ரத்தத்தில் இந்தத் தொழுவத்தில் மிச்சம் அது ஒன்றுதான்.

"கன்னு பால் மறக்கட்டும். அது வரைக்கும் மயிலை இருக்கணும்."

முத்தையா கையெடுத்துக் கும்பிட்டார். உங்களுக்காக இல்லை என்றேன்.

மயிலை, மாலை: 2. கன்று குடித்த அளவு தெரியாது.