டியூட்டி நேரத்தில் பதினைந்து நிமிஷம்

அன்பு மகளுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். வழக்கமாக இந்த வரியைப் பேனாவே எழுதிவிடும், இன்றைக்கு யோசித்துத்தான் எழுதுகிறேன், நிஜமாகவே சுகம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், உன் சளி விட்டதா.

போனில் நீ அந்த வேலையை விட்டுத் தொலையேம்மா என்னும் போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுவேன் இல்லையா, இப்போது சொல்கிறேன், இரண்டு மாதம் முன்பு ராஜினாமா எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் திரிந்தேன். எங்கள் முதியோர் இல்லத்தில் நாற்பது கட்டில், எல்லோரும் படுத்த படுக்கை, புரட்டிவிட, குளிப்பாட்ட, ஊட்டிவிட நாங்கள் ஒன்பது பேர். போன வருஷம் பதினாலு பேர் இருந்தோம். இடுப்பு போய் வேலையை விட்டவர்கள் பாதி, மனசு விட்டுப்போய் விட்டவர்கள் மீதி. குண்டூசி என்று சொல்வேனே, அந்த ஒல்லிப் பெண், ஒருநாள் துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு அழுகிறாள். என்னடி என்றால் ஒண்ணுமில்லக்கா, பன்னிரண்டாம் கட்டில் தாத்தாவைத் தூக்கணும், கையே வரமாட்டேங்குது என்கிறாள். நானும் பக்கத்தில் நின்று அவளோடு போர்வை மடித்தேன், அவ்வளவுதான் முடிந்தது.

படுத்திருப்பவர்களுக்கு உடற்பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபிஸ்ட் தம்பி இதைப் பார்த்துவிட்டு, நிக்கிறவங்களுக்கும் பயிற்சி வேணும்க்கா, இல்லன்னா நீங்களும் ஒருநாள் கட்டில்ல படுத்துடுவீங்க என்றார். மறுநாளே ஆரம்பித்துவிட்டார். காலை ஏழு மணிக்கு ஷிப்ட் மாறும்போது சாப்பாட்டு அறையில் மேஜைகளை ஒதுக்கிவிட்டு, பத்து நிமிஷம் முதுகுக்கும் தோளுக்கும் முட்டிக்கும் பயிற்சி, கடைசி ஐந்து நிமிஷம் காரணமே இல்லாமல் சும்மா சிரிக்க வேண்டுமாம். பயிற்சியைச் செய்துவிட்டோம், சிரிப்புதான் வரவில்லை. வட்டமாக நின்று ஹோ ஹோ என்கிறோம், இழவு வீடு அதைவிடக் கலகலப்பாக இருக்கும். அப்போது எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவர், ஆறடி ஆள், பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்று வாயே திறக்காதவர், அவரும் கடமைக்கு ஒரு ஹோ போட்டார் பார், பழைய சைக்கிள் பிரேக் பிடித்த மாதிரி கீச்சென்று ஒரு சத்தம். யாரது என்று அவரே திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். குண்டூசி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள், எனக்கு வயிறு வலித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்கு அந்தத் தாத்தாவை நானும் அவளுமாக, சொல்லிக்கொடுத்தபடி முட்டியை மடக்கித் தூக்கினோம், பூப்போல வந்தார்.

மூன்று வாரம் ஜோராகப் போனது. லீவு போடுவது குறைந்தது, ஒருத்தர் மேல் ஒருத்தர் எரிந்து விழுவது குறைந்தது. யார் கண் பட்டதோ, அந்தத் தாத்தாவின் மகள் புகார் எழுதிக் கொடுத்துவிட்டாள், என் அப்பா பேச முடியாமல் கிடக்கிறார், அடுத்த அறையில் இவர்கள் கும்மாளம் போடுகிறார்கள் என்று. மேனேஜர் அன்றே நிறுத்திவிட்டார். எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை கண்ணு, அவள் இடத்தில் நீ இருந்தாலும் எழுதியிருப்பாய். ஆனால் மறுநாளிலிருந்து தாத்தா காலை ஏழு பத்து ஆனால், நாங்கள் சிரிக்கத் தொடங்கும் அந்த நேரத்துக்கு, ஸ்பூனால் கட்டில் கம்பியைத் தட்டுகிறார். தண்ணீர் கொடுத்தால் வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறார், தலையணையை மாற்றினாலும் அதே தலையாட்டல். ஐந்து நாள் இப்படி. ஆறாம் நாள் அவர் மகள் காலையிலேயே வந்திருந்தாள், ஸ்பூன் சத்தம் கேட்டு நானும் ஓடினேன். அவர் சாப்பாட்டு அறைச் சுவரைக் காட்டி, நல்ல கையால் வயிற்றைத் தட்டி, கோணிய வாயால் ஹோ என்றார். எங்களுக்குப் புரியவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, இன்னொரு தடவை பலமாக. பக்கவாதம் வந்து எட்டு மாதம் கழித்து அவர் குரலை அவள் கேட்டது அப்போதுதான். அழுதுவிடுவாள் என்று பார்த்தேன், அவளும் ஹோ என்றாள்.

புகாரைத் திரும்ப வாங்கிக்கறேன் என்று நேரே மேனேஜர் அறைக்குப் போனாள், நானும் பின்னாலேயே போனேன். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த அறையில் நான் நாற்காலியில் உட்கார்ந்து பேசியது அன்றைக்குத்தான். சிரிப்பை மட்டும் திருப்பிக் கொடுத்தா போதாது சார், உடைஞ்ச இடுப்பைச் சிரிச்சு ஒட்ட முடியாது, இந்தப் பதினஞ்சு நிமிஷம் டியூட்டி நேரத்துக்குள்ளயே வேணும், யாரையும் தனியா ஆள் தூக்கச் சொல்லக் கூடாது, போனவங்க இடத்துக்கு ஆள் போடணும் என்றேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டு மறுபடி கழற்றித் துடைத்தார். தாத்தாவின் மகள் நானும் எழுதித் தரேன் சார், இந்தத் தடவை இவங்களுக்காக என்றாள். பத்தே நாளில் மூன்றும் உத்தரவாக நோட்டீஸ் பலகைக்கு வந்துவிட்டது. போனவர்களில் மூன்று பேர் திரும்பி வந்தாயிற்று. என் ராஜினாமாவின் பின்பக்கத்தில்தான் புது டியூட்டி அட்டவணையைப் போட்டேன், காகிதம் எதற்கு வீணாக.

அப்பாவும் வீட்டில் இந்த ஹோ ஹோவைப் பழகுகிறார், அதுவும் குளியலறையில். பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டி உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் ஆகலையே என்று விசாரித்துவிட்டுப் போனாள். நீயும் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் கூன் போட்டு உட்காராதே, மணிக்கு ஒரு தடவை எழுந்து தோளைச் சுழற்று, வெறும் வயிற்றில் காபி குடிப்பதை விடு.

முக்கியமான சேதியைக் கடைசியில் வைத்திருக்கிறேன். எங்கள் நிர்வாகத்தின் மற்ற ஆறு இல்லங்களிலிருந்தும் வரும் சனிக்கிழமை ஊழியர்களை அழைத்திருக்கிறார்கள், இருநூறு பேராம், மேடையேறிச் சொல்லிக்கொடுக்கப் போவது நான். நீ நோய்நொடி இல்லாமல், மாப்பிள்ளையோடு மனசு நிறைய வாழ வேண்டும், என் ஆயுசையும் சேர்த்து இரு. சனிக்கிழமை இங்கே காலை பத்து மணி ஆகும்போது உங்கள் ஊரில் என்ன மணி என்று பார்த்துவை, ஆபீசோ பஸ்ஸோ எங்கே இருந்தாலும் ஒரு ஹோ போடு, யாராவது பார்த்தால் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
இருநூறு பேரைச் சிரிக்க வைக்கப் போகும்
உன் அம்மா