தொட்டியில் அடைத்த காற்று

மார்ச் 3, செவ்வாய்
பெயின்ட் தெளிக்க எந்த ஏர்பிரஷ் என்பது முடிவாகிவிட்டது. அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ட். 0.3 மி.மீ. ஊசி, நான் பெயின்ட் அடிக்கும் டிராகனின் செதிலுக்கு அதுதான் சரி. அதற்குக் காற்று தரும் கம்ப்ரசரில்தான் அப்பாவோடு சண்டை. தொட்டி இல்லாதது மலிவு, ஆனால் தெளித்து முடிக்கும்வரை உறுமும். தொட்டி உள்ளது காற்றைச் சேர்த்துக்கொண்டு வாயை மூடிவிடும். உனக்கு இல்லாத குணம் என்கிறார் அப்பா.

மார்ச் 6, வெள்ளி
மலிவானதே வந்து இறங்கியது. மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை சத்தம் கூடாது என்பது விதி, எங்கள் லைப்சிக் கட்டடம் மூச்சுகூட விடாது. கீழ்வீட்டு ஸீபார்ட் அம்மா இரவு ஷிஃப்ட் நர்ஸ், தூங்குவதே அப்போதுதான். "ரெண்டு வாரத்துல அவங்ககிட்டேருந்து ஒரு புகார் வரட்டும், பெட்டியோட திருப்பி அனுப்பிடுவேன் திலோ!" என்றார் அப்பா.

போன வருடம் 'புதன்கிழமைகளில் படியில் பின்பக்கமாக இறங்கவும்' என்று உருளைக்கிழங்கில் முத்திரை வெட்டி நோட்டீஸ் ஒட்டினேன். நம்பி இறங்கியவர் ஸீபார்ட் அம்மா ஒருவர்தான். என்மேல் எவ்வளவு பாசம் இருக்கும்!

மார்ச் 7, சனி
டிராகனின் இடது சிறகு. மணியைப் பார்க்கவில்லை. 1.10-க்குக் கதவில் ஸீபார்ட் அம்மா, கலைந்த தலையோடு.

"என்னடா, பல்லு புடுங்குற கடை தொறந்திருக்கியா?"

"சாரி."

"சாரியைப் போர்த்திக்கிட்டுத் தூங்கவா?"

அப்பா கடைக்குப் போயிருந்தார். அவரிடம் ஸீபார்ட் அம்மா இன்னும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

மார்ச் 10
ஸ்கேட்போர்டை விற்றேன். அந்தக் காசில், கம்ப்ரசரோடு இணைக்க ஒரு தொட்டி வந்தது.

மார்ச் 14, சனி
12.45-க்கு நிரப்பி, மோட்டாரை அணைத்து, ஒன்றரைக்குத் தெளித்தேன். புஸ்ஸ். அவ்வளவுதான். ஒரு தொட்டிக்கு அரைச் சிறகு.

மார்ச் 19, வியாழன்
மாடிப்படியில் நோட்டீஸ்: 'நான்காம் மாடிக் கம்ப்ரசருக்குத் தடை. இன்று மாலைக்குள் அடித்தள அறையில் ஒப்படைக்கவும். கட்டட நிர்வாகம், லைப்சிக்.' முத்திரையும் இருந்தது. போச்சு. எல்லாம் போச்சு. நாலு மாடி சுமந்து இறங்கி, நோட்டீஸை விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். மை ஆரஞ்சு நிறம். வட்டத்துக்குள் வட்டம்.

கேரட்டில் வெட்டிய முத்திரை!

பின்னால் ஸீபார்ட் அம்மா, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "நான் பின்பக்கமா எறங்குனது எத்தனை புதன்னு தெரியுமாடா? மூணு!"

"அப்பாகிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா இந்த மூஞ்சியைப் பார்த்திருப்பேனா? சரி, அந்தப் பக்கம் புடி."

நாலு மாடியும் இருவருமாகத் தூக்கினோம்.

மார்ச் 21, சனி
கெடு முடிந்தது. "ஒரு புகாரும் வரலையே" என்கிறார் அப்பா, கொஞ்சம் ஏமாற்றமாக.
12.45. தொட்டி நிரம்பிவிட்டது. கீழே ஸீபார்ட் அம்மா தூங்குவதற்கு ஜன்னல் திரையை இறக்கும் சத்தம். வலது சிறகு.