போனை விட்டதற்குக் கோபம் காரணமில்லை

அன்பு மகனுக்கு,

உயிரோடும் நல்ல உடம்போடும் இருக்கிற அம்மா எழுதுவது. முதலில் இதைப் படித்து மூச்சு விட்டுக்கொள், மற்றதெல்லாம் அப்புறம்.

அப்பாவின் போனுக்கு மூன்று முறை கூப்பிட்டு, "அம்மாவுக்கு என் மேல கோவமா?" என்று கேட்டாயாம். அவர் வழக்கம்போல "அவளையே கேளு" என்று சொல்லி வைத்துவிட்டார். போனே இல்லாதவளை எதில் கேட்பது என்று அவருக்குத் தோன்றவில்லை. ஒரு முறை என்னிடம் நீட்டினார், நான்தான் வேண்டாமென்று கையை ஆட்டினேன். உன் குரலைக் கேட்டால் சாப்பிட்டாயா, தூங்கினாயா, ஏன் தொண்டை கட்டியிருக்கிறது என்று ஆரம்பித்துவிடுவேன். சொல்ல வேண்டியது உள்ளேயே நின்றுவிடும். அதனால்தான் கடிதம்.

கடையில் ஒரு தப்பு நடந்துவிட்டது. மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் அரைத்துப் பொருத்துவதில் பதினாறு வருடமாக என் வேலை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று நானே பீற்றிக்கொள்வேன் அல்லவா? போன மாதம் நம் ஊர் நூலகத்தில் வேலை பார்க்கிற அம்மாவின் கண்ணாடி வந்தது. வலது கண்ணுக்குப் பவர் அதிகம், இடது கண்ணுக்குக் குறைவு. நான் மெஷின் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, பாதி கவனம் அதிலும் பாதி கவனம் வேலையிலுமாக இருந்தேன். வலது லென்ஸை இடப்பக்கத்திலும் இடதை வலப்பக்கத்திலும் பொருத்திவிட்டேன். பவரைச் சோதித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். முதலாளி கேட்டார். "பாத்துட்டேன் சார்" என்றேன். பார்க்கவில்லை.

நாலு நாள் கழித்து அந்த அம்மா வந்து தலைவலி என்றார். புதுப் பவர், பழகிவிடும் என்று அனுப்பினேன். எங்கள் தொழிலில் எல்லாரும் சொல்கிற பதில்தான். மறுபடி வந்தபோதும் அதையே சொன்னேன். மூன்றாம் முறை மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வந்தார். நூலகத்தில் இறங்கும்போது கடைசிப் படி கண்ணுக்குச் சரியாகத் தெரியாமல் விழுந்துவிட்டாராம். அப்போதுதான் கண்ணாடியை வாங்கி மெஷினில் வைத்துப் பார்த்தேன். வலதும் இடதும் இடம் மாறியிருந்தன.

அவரிடமும் முதலாளியிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். முதலாளி திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "இனிமே நீங்க முடிச்சதை நானும் ஒரு தடவை பாத்துக்கறேன்" என்றார். அந்த அம்மா, "எனக்குத்தான் வயசாயிடுச்சு போலன்னு நினைச்சுட்டேன். பழகிடும்னு நீங்க சொன்னீங்களே" என்றார். புதுக் கண்ணாடி செய்து அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். இன்னமும் அவர் முகத்தைப் பார்க்கக் கூசுகிறது.

போனைப் பைக்குள் வைத்துப் பார்த்தேன். கை பைக்குள் போனது. பீரோவில் பூட்டினேன், சாவி என்னிடம்தானே இருந்தது. கடைசியில் உன் சித்தியிடம் கொடுத்துவிட்டேன். முதல் வாரம் பஸ்ஸில் கை சும்மா சும்மா மடியைத் தடவியது. "இப்பத்தான் வீட்ல ஒரு ஆளு இருக்கறது உன் கண்ணுக்குத் தெரியுது" என்று உன் அப்பா நக்கலடித்தார். தெரியாமலே இருந்திருக்கலாம் என்றேன். இருவரும் சிரித்தோம், ரொம்ப நாளைக்குப் பிறகு.

இனிதான் சொல்ல வேண்டியது. நான் போனில் வீடியோ பார்க்கிறேன் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நான் பார்த்தது உன்னை. உன் பெயருக்குக் கீழே நீ கடைசியாக எப்போது வந்து போனாய் என்று நேரம் காட்டுமே, அதை. நீ எழுந்த நேரம், படுத்த நேரம் எல்லாம் எனக்கு அத்துப்படி. வந்துவிட்டு எனக்கு ஒரு வரி போடாமல் போனால் அன்றைக்கு உன் அப்பா பாடு திண்டாட்டம்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்த நேரம் காணாமல் போயிற்று. போன் கெட்டுவிட்டதென்று ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனேன். அவர் பார்த்துவிட்டு, "ஒண்ணும் கெடலைம்மா. உங்க பையன்தான் மறைச்சு வச்சிருக்காரு" என்றார். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். சிரித்துக்கொண்டே வாங்கி வந்தேன்.

உன்னை நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. மூன்று நாள் ஆத்திரம், அப்புறம் அழுகை, அதற்கப்புறம் வேறு வழி. உன் பெயரைத் திறந்து வைத்துக்கொண்டு 'ஆன்லைன்' என்று வருகிறதா என்று காத்திருப்பேன். அந்த லென்ஸை மாற்றிப் பொருத்தியபோதும் அதற்குத்தான் காத்திருந்தேன்.

நீ மறைத்தது சரிதான். உன் இடத்தில் நானாக இருந்தாலும் மறைத்திருப்பேன். இந்த இரண்டு வரியை எழுத நாலு தாள் கிழித்தேன்.

எப்போது கூப்பிட வேண்டும் என்று இனி நான் சொல்லப்போவதில்லை. பத்து நாளானாலும் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்க மாட்டேன். கேட்டால் தயங்காமல் வைத்துவிடு. நீ எழுந்ததும் படுத்ததும் யாரோடு பேசினாய் என்பதும் எனக்குத் தெரியாமலே நீ நன்றாக இரு, கண்ணா. நன்றாக இருக்கிறாய் என்பதை மட்டும், உனக்குத் தானாகத் தோன்றுகிற அன்றைக்குச் சொன்னால் போதும்.

ஆனால் சொல்லிவிடு.

என்றும் உன்
அம்மா