ஜோதி கேட்ட கரித்தூள்

மண்ணச்சநல்லூர்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள பேத்தி ஜோதிக்கு அப்பாயி எழுதிக்கொள்வது. நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். உன் அம்மாவும் அப்படித்தான். டேராடூனில் குளிர் எப்படி என்று போனில் கேட்டால் "ம்" என்கிறாய். சாப்பிட்டாயா என்றாலும் "ம்". அதனால்தான் கடிதம். இதை நீ பாதியில் வைத்துவிட முடியாது.

மில் மறுபடி ஓடுகிறது. உன் அப்பன் போனதிலிருந்து சாவி உன் அம்மாவிடம். தவிட்டு வியாபாரி வருகிறார், போகிறார். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. காபியில் சர்க்கரை போட்டார்களா இல்லையா என்றுகூடத் தெரிவதில்லை, குடித்துவிடுகிறேன்.

நீ கேட்ட பாட்டில் விஷயத்துக்கு வருகிறேன். திருச்சி காலேஜில் இருந்தபோது நம் மில் உமியைக் காற்றுப் படாமல் சூடாக்கி எண்ணெய் எடுத்தாய். அந்த எண்ணெய் ஆவியை ஒரு வெள்ளைத் தூள் வழியாக விட்டால், பிளாஸ்டிக் குடம் செய்கிற வாயு கிடைக்கும் என்றாய். தூளில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் உண்டு, கரி ஏறி அடைத்தால் தூள் செத்துப்போகும், நீ பாஸ்பரஸ் சேர்த்த தூள் மட்டும் கரி ஏறியும் சாகாமல் ஓடியது என்று அடுப்படியில் நின்றுகொண்டு சொன்னாய். கேட்டுக்கொண்டே நான் கத்தரிக்காயைத் தீயவிட்டேன். உன் அப்பன் அதையும் சிரித்துக்கொண்டே தின்றான்.

கறுத்துப்போன அந்தத் தூளைத்தான் பாட்டிலில் போட்டு அவனிடம் கொடுத்துவிட்டுப் போனாய். இப்போது அங்கே ஆராய்ச்சிக்கு நீ புதிதாகச் செய்கிற தூள் எதுவும் அப்படி ஓடவில்லையாம். பழையதை மெஷினில் வைத்துப் பார்த்தால்தான் காரணம் தெரியுமாம், இல்லாவிட்டால் நீ இதுவரை செய்ததை யாரும் நம்பமாட்டார்களாம். உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். என்னிடம் சொல்லவில்லை. இருக்கட்டும்.

பால் தெளித்த மறுநாளே நீ ரயில் ஏறிவிட்டாய். அதனால் கருமாதி அன்று நடந்தது உனக்குத் தெரியாது. உப்பிலியபுரத்திலிருந்து என் கொழுந்தன் ராமர் ஆட்களோடு வந்திருந்தார். என் கல்யாணப் பந்தியில் அப்பளம் வைக்கவில்லை என்று எழுந்து போனாரே, அவர்தான். "உமியப் பத்திப் படிக்கப் பொட்டப்புள்ளைக்கு காலேஜ் எதுக்கு" என்று உன் அப்பனைக் கேட்டவரும் அவர்தான். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்கு வேன் கிளம்பும்போது, உன் அப்பன் அலமாரியில் அந்தப் பாட்டிலைப் பார்த்திருக்கிறார். அரிசி மில்லுக்காரன் வீட்டில் கறுப்பாக ஒரு தூள் இருந்தால் உமிக்கரி என்றுதானே நினைப்பார்கள்? பல் விளக்க ஆகும் என்று துண்டோடு சுருட்டிக்கொண்டு போய்விட்டார். படித்துறையில் ஆம்பிளைகள் ஆளுக்குக் கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டித் தேய்த்திருக்கிறார்கள்.

நான் பாத்திரத்தோடு படி இறங்கினேன். ராமர் வாயெல்லாம் கறுப்பாக, "என்னண்ணி, உப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல, மண்ணாட்டம் நறநறங்குது. உங்க மில்லுல இப்ப உமிக்கரியிலயும் கலப்படமா?" என்றார். அப்போதுதான் பாட்டிலைப் பார்த்தேன். உன் மூன்று வருஷத்தைக் காவேரியில் துப்பிக்கொண்டிருந்தார்கள். "அது எம் பேத்தி படிப்பு, குடுங்க இங்க" என்று கத்திப் பிடுங்கினேன். படித்துறையே திரும்பிப் பார்த்தது. மகனுக்கு அழாதவள் பாட்டிலுக்குக் கத்துகிறாள் என்று ராமர் பெண்சாதி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். என் காதில் விழட்டும் என்றுதான் சொன்னாள். விழுந்தது.

அடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. மேலே மட்டும் ஈரக் கை பட்டுக் கட்டி தட்டியிருந்தது. வாணலியில் போட்டு வறுத்துவிடலாமா என்று உன் அம்மா கேட்டாள். நான் விடவில்லை. நன்றாக எரித்தால் கரி போய்த் தூள் பழையபடி வெளுத்துவிடும் என்று நீ சொல்லியிருக்கிறாய். உனக்கு வேண்டியது அந்தக் கரிதானே. ஈரம் பட்டதைத் தனியாகப் பொட்டலம் கட்டிவிட்டேன். படாதது பாட்டிலிலேயே இருக்கிறது.

பாட்டிலை அனுப்பக் கூடாது என்றுதான் இருந்தேன். இதை எடுத்துக்கொள்ளவாவது வருவாய் என்று நினைத்தேன். உன் அம்மாதான், "அவளே அங்க ஒத்தையா உக்காந்திருக்கா. நீங்க வேற புடிச்சு வைக்காதீங்க அத்தை" என்றாள். உன்னோடு படித்த பாலக்கரை அல்ஃபியா டேராடூன் பக்கம் வருகிறாளாம். பாட்டிலையும் பொட்டலத்தையும் இந்தக் கடிதத்தையும் அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.

மெஷினில் வைத்துப் பார். தேறினால் வேலையை முடித்துவிட்டு வா. தேறாவிட்டால் அன்றைக்கே கிளம்பி வா. வந்து அழ வேண்டும் என்று இங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை. நானும் இன்னும் அழவில்லை. உன் அப்பன் கட்டில் போட்ட இடத்திலேயே கிடக்கிறது. விரிப்பைக்கூட நாங்கள் உதறவில்லை. நீ வந்தால் மூன்று பேருமாக எடுக்கலாம்.

சமயபுரத்தா உன் தலைமாட்டிலேயே இருக்கட்டும்.

உன் அப்பாயி,
காளியாயி